ஜிபிஎஸ் சமிக்ஞைகளைக் கொண்டு தென்னிந்திய வானின் அயனி மண்டலத்தைப் படமாக்கும் முறை

வழிகாட்டுச் செயற்கைக்கோள்கள் சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அனுப்பும் ரேடியோ அலைகள், தரையிலுள்ள ஏற்பியை அடையும் முன், ஏறத்தாழ 60 முதல் 1,000 கிலோமீட்டர் உயரம் வரை பரவியுள்ள அயனி மண்டலத்தைக் கடந்தாக வேண்டும். சூரியனின் புற ஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் அங்குள்ள காற்றிலிருந்து பிரித்தெடுத்த எலெக்ட்ரான்கள், அலையில் ஏற்றப்பட்ட குறியீட்டைத் தாமதப்படுத்துகின்றன. இந்தத் தாமதம் அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறுவதால், ஒரே செயற்கைக்கோள் இரண்டு அதிர்வெண்களில் அனுப்பும் சமிக்ஞைகளை ஒப்பிட்டாலே, வழியில் எவ்வளவு எலெக்ட்ரான்கள் இருந்தன என்று கணக்கிட்டுவிடலாம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் தரவைக் கொண்டு, அந்த எலெக்ட்ரான்கள் எங்கே எவ்வளவு உள்ளன என்று காட்டும் படத்தை வீட்டுக் கணினியிலேயே உருவாக்கும் முறையை இங்கே விளக்குகிறேன். பள்ளி இயற்பியலும், பைத்தான் போன்ற ஒரு நிரல்மொழியில் ஓரளவு பழக்கமும் இருந்தால் போதும்.

தென்னிந்தியாவை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. புவியின் காந்தப்புலம் கிடைமட்டமாக இருக்கும் காந்த நடுக்கோடு திருநெல்வேலி, தும்பா ஆகியவற்றை ஒட்டிச் செல்கிறது. 1963 நவம்பரில் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் ஏவப்பட்டதற்கும், இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியில் ஓர் ஆய்வுக்கூடம் நடத்துவதற்கும் இதுவே காரணம். பகலில் இங்கே கிழக்கு நோக்கிய மின்புலமும் வடக்கு நோக்கிய கிடைமட்டக் காந்தப்புலமும் சேர்ந்து, அயனிகளும் எலெக்ட்ரான்களும் கலந்த பிளாஸ்மாவை மேலே தூக்குகின்றன. தூக்கப்பட்ட பிளாஸ்மா காந்தக் கோடுகள் வழியே வடக்கிலும் தெற்கிலும் சரிந்து, காந்த நடுக்கோட்டிலிருந்து சுமார் 15 பாகை தள்ளி இரண்டு முகடுகளாகக் குவிகிறது. வடக்கு முகடு அகமதாபாத், போபால் பக்கம் விழுகிறது. உலகில் எலெக்ட்ரான் அடர்த்தி மிகச் செங்குத்தாக ஏறி இறங்கும் பகுதிகளில் ஒன்று நம் தலைக்கு மேலே இருப்பதால், படமாக்குவதற்கு இதைவிட வளமான இடம் அரிது. அதே காரணத்தால், கணக்கில் செய்யும் எளிமைப்படுத்தல்கள் இங்கேதான் முதலில் உடைகின்றன.

அளவீடும் தரவும்

ஏற்பிக்கும் செயற்கைக்கோளுக்கும் இடையே ஒரு சதுர மீட்டர் குறுக்குவெட்டுள்ள குழாய் ஒன்றைக் கற்பனை செய்து, அதனுள் இருக்கும் எலெக்ட்ரான்கள் அனைத்தையும் எண்ணினால் கிடைப்பது மொத்த எலெக்ட்ரான் அளவு. ஆய்வாளர்கள் இதை 'டெக்' என்பார்கள். 10¹⁶ எலெக்ட்ரான்கள் ஒரு டெக் அலகு. 40.3ஐ டெக்கால் பெருக்கி, அதிர்வெண்ணின் வர்க்கத்தால் வகுத்தால் தாமதம் மீட்டரில் கிடைக்கும். ஜிபிஎஸ்ஸின் எல்1 அதிர்வெண்ணில் (1575.42 மெகாஹெர்ட்ஸ்) ஓர் அலகு 16.2 சென்டிமீட்டர் தாமதத்தைத் தருகிறது, எல்2 அதிர்வெண்ணில் (1227.60 மெகாஹெர்ட்ஸ்) 26.7 சென்டிமீட்டர். இரண்டுக்கும் இடைவெளி 10.5 சென்டிமீட்டர் என்பதால், எல்2 தொலைவிலிருந்து எல்1 தொலைவைக் கழித்துக் கிடைக்கும் ஒவ்வொரு மீட்டரும் 9.52 டெக் அலகுக்குச் சமம். ஏற்பியின் கடிகாரப் பிழை, வளிமண்டலத்தின் கீழடுக்கு ஏற்படுத்தும் தாமதம், செயற்கைக்கோளின் உண்மைத் தொலைவு ஆகிய மூன்றும் இந்தக் கழித்தலில் தாமாகவே நீங்கிவிடுகின்றன.

தரவுக்கு நாசாவின் சிடிடிஐஎஸ் காப்பகத்தை நாடலாம்; எர்த்டேட்டா தளத்தில் இலவசக் கணக்கு ஒன்றைத் தொடங்கினால் போதும். சர்வதேச ஜிஎன்எஸ்எஸ் (வழிகாட்டுச் செயற்கைக்கோள்) சேவை என்ற வலையமைப்பைச் சேர்ந்த நிலையங்களின் அன்றாடக் கோப்புகள், 30 நொடிக்கு ஓர் அளவீடு என்ற கணக்கில், ரைனெக்ஸ் வடிவில் அங்கே கிடைக்கின்றன. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலுள்ள ஐஐஎஸ்சி நிலையத்தில் தொடங்குவது நல்லது. பின்னர் ஹைதராபாத், லக்னோ, கொழும்பு நிலையங்களைச் சேர்த்துக்கொள்ளலாம். அளவீட்டுக் கோப்புடன் அதே நாளின் சுற்றுப்பாதைக் கோப்பையும், செயற்கைக்கோள்களின் கருவித் தாமதங்களைத் தரும் கோப்பையும், ஒப்பிட்டுப் பார்க்க உலக டெக் வரைபடங்கள் அடங்கிய அயோனெக்ஸ் கோப்பையும் இறக்கிக்கொள்ளுங்கள். அளவீட்டுக் கோப்புகள் ஹட்டனாகா முறையில் சுருக்கப்பட்டிருக்கும். அவற்றை விரிக்கும் சிறு நிரலும் இலவசமே.

சொந்தமாக அளக்க விரும்புவோர் இரட்டை அதிர்வெண் ஏற்பி ஒன்றை வாங்கலாம். யூ-பிளாக்ஸ் இசட்இடி-எஃப்9பி போன்ற சில்லுகள் வந்தபின் இது தனிநபருக்கு எட்டும் விலைக்கு வந்துவிட்டது. ஆர்டிகேலிப் என்ற இலவச மென்பொருள் அதன் மூல அளவீடுகளை ரைனெக்ஸாக மாற்றித் தரும். இருந்தாலும் முதல் படத்தைக் காப்பகத் தரவில் செய்து பழகிய பிறகே சொந்த ஏற்பிக்குச் செல்லுமாறு பரிந்துரைப்பேன். பிழை நிரலில் இருக்கிறதா, ஆன்டெனாவில் இருக்கிறதா என்ற குழப்பம் அப்போது எழாது.

குறியீட்டையும் அலையின் கட்டத்தையும் இணைத்தல்

ஏற்பி இரண்டு விதமாகத் தொலைவை அளக்கிறது. குறியீட்டின் பயண நேரத்தைக் கொண்டு அளக்கும் தொலைவு முழுமையானது, ஆனால் இரைச்சல் மிகுந்தது. அருகிலுள்ள கட்டடங்களில் பட்டுத் திரும்பும் அலைகளும் அதைக் கலைக்கின்றன. குறியீட்டைச் சுமந்துவரும் ஊர்தி அலையின் கட்டத்தைக் கொண்டு அளக்கும் தொலைவு மில்லிமீட்டர் அளவுக்கு நுட்பமானது, ஆனால் அதில் எத்தனை முழு அலைகள் விடுபட்டுள்ளன என்பது தெரியாது. ஒரே செயற்கைக்கோளின் இரண்டு வரைகோடுகளையும் திரையில் வரைந்து பார்த்தால் வேறுபாடு கண்ணுக்குப் புலப்படும். குறியீட்டிலிருந்து வந்த கோடு, செயற்கைக்கோள் அடிவானத்தை ஒட்டியிருக்கும் இரு முனைகளிலும் பல அலகுகள் தடித்து நடுங்கும். கட்டத்திலிருந்து வந்த கோடு மெல்லியதாக, வழவழப்பாக, ஆனால் மேலேயோ கீழேயோ முற்றிலும் தவறான உயரத்தில் ஓடும். எனவே ஒரு செயற்கைக்கோள் உதித்து மறையும் வரையிலான ஒவ்வொரு தொடரிலும், இரண்டு கோடுகளுக்கும் இடையிலான சராசரி இடைவெளியைக் கண்டு, கட்டக் கோட்டை அந்த அளவுக்கு நகர்த்த வேண்டும். சராசரி எடுக்கும்போது ஏற்றக் கோணத்தின் (செயற்கைக்கோள் அடிவானத்திலிருந்து உயர்ந்திருக்கும் கோணத்தின்) சைன் மதிப்பின் வர்க்கத்தை எடையாகத் தந்தால், அடிவான அளவீடுகளின் இரைச்சல் முடிவைக் கெடுக்காது. ஒன்று மறக்கக்கூடாது: அயனி மண்டலம் குறியீட்டைத் தாமதப்படுத்தும் அதே அளவுக்குக் கட்டத்தை முன்தள்ளுகிறது. ஆகவே குறியீட்டில் எல்2 கழித்தல் எல்1 என்று எடுத்தால், கட்டத்தில் எல்1 கழித்தல் எல்2 என்று எடுக்க வேண்டும்.

இந்த நகர்த்தல் சரியாக அமைய, தொடரின் நடுவே ஏற்பி அலையைத் தவறவிட்டு மீண்டும் பிடித்த இடங்களை, அதாவது சைக்கிள் ஸ்லிப்புகளை, முன்னரே கண்டுபிடித்துத் தொடரை அங்கே வெட்டியிருக்க வேண்டும். எல்1, எல்2 கட்டங்களின் வேறுபாட்டில் திடீர்த் தாவல் இருக்கிறதா என்று பார்ப்பது முதல் வழி. ஆனால் இரு அதிர்வெண்களிலும் ஒரே நேரத்தில் ஓர் அலை தவறினால், அலைநீளங்கள் 19.0, 24.4 சென்டிமீட்டர் என்பதால், அந்த வேறுபாடு 5.4 சென்டிமீட்டர், அதாவது அரை டெக் அலகு மட்டுமே தாவும். இரு அதிர்வெண்களின் குறியீட்டையும் கட்டத்தையும் சேர்த்துக் கணக்கிடும் மெல்போர்ன்–வுபெனா சேர்க்கை என்ற இரண்டாவது சோதனையோ, இரண்டிலும் சம எண்ணிக்கையில் தவறினால் எதையும் காட்டாது. மற்ற வகைத் தவறல்களை நன்றாகப் பிடித்துவிடும். ஒன்று விடுவதை மற்றது பிடிக்கும் என்பதால் இரண்டையும் சேர்த்தே பயன்படுத்த வேண்டும். அரை மணி நேரத்துக்கும் குறைவான தொடர்களைத் தள்ளிவிடுவது நல்லது.

கருவித் தாமதம் என்னும் பெரிய சிக்கல்

படமாக்கத்தில் மிகுந்த கவனம் தேவைப்படும் இடம் இதுதான். செயற்கைக்கோளின் மின்சுற்றுகளும் ஏற்பியின் மின்சுற்றுகளும் இரண்டு அதிர்வெண்களையும் சமமாகத் தாமதப்படுத்துவதில்லை. இந்த வேறுபாட்டை டிசிபி என்கிறார்கள். ஒரு நானோநொடி டிசிபி 2.85 டெக் அலகுப் பிழைக்குச் சமம். ஏற்பிகளில் அது பத்து நானோநொடிகளையும் தாண்டலாம்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஏற்றக் கோணம் 30 பாகையில் உள்ள ஒரு செயற்கைக்கோளுக்கு எல்2 தொலைவு எல்1ஐவிட 6.30 மீட்டர் அதிகமாக உள்ளது என்று கொள்வோம். இது 60 அலகு. செயற்கைக்கோள், ஏற்பி இரண்டின் டிசிபிக்களையும் கூட்டினால் −4 நானோநொடி என்றால், அதன் மதிப்பு −11.4 அலகு, சாய்வுப் பாதையின் உண்மையான டெக் 48.6 அலகு. இதைச் செங்குத்து அளவாக மாற்ற, அடுத்த பகுதியில் விளக்கும் சாய்வுக் காரணியான 1.70ஆல் வகுத்தால் 28.6 அலகு கிடைக்கும். திருத்தாமல் விட்டிருந்தால் 35.3 என்று வந்திருக்கும். நண்பகலில் இந்தத் தவறு கண்ணில் படாமல் போகலாம். ஆனால் சூரியச் செயல்பாடு குறைந்த ஆண்டில், விடியலுக்கு முன், உண்மை மதிப்பே 5 அலகு அளவில் இருக்கும்போது, அதே தவறு அளவீட்டையே விழுங்கிவிடும்.

செயற்கைக்கோள்களின் டிசிபிக்களைப் பெர்ன் பல்கலைக்கழகத்தின் கோட் மையம் போன்றவை வெளியிடுகின்றன. எல்1இலிருந்து எல்2ஐக் கழித்த வரிசையில் அவை தரப்பட்டிருந்தால், மேலே செய்ததுபோல், அளவீட்டுடன் கூட்ட வேண்டும். வரிசை மாறினால் குறியும் மாறும். எந்தக் குறியீட்டு வகைக்கு உரிய டிசிபி என்பதையும் பாருங்கள். எல்1இல் சிவில் குறியீட்டைப் பதிவுசெய்யும் ஏற்பிக்கு, துல்லியக் குறியீட்டுக்கான டிசிபியை அப்படியே போட்டால் மேலும் சில அலகுகள் பிசகும்.

ஏற்பியின் டிசிபியைப் பெரும்பாலும் நாமே கண்டுபிடிக்க வேண்டும். விடியலுக்கு முன், உள்ளூர் நேரம் 2 மணியிலிருந்து 5 மணி வரை, அயனி மண்டலம் மெலிந்தும் ஓரளவு சமமாகவும் இருக்கும். அப்போது வெவ்வேறு செயற்கைக்கோள்கள் காட்டும் செங்குத்து டெக் மதிப்புகள் ஒன்றோடொன்று நெருங்கியிருக்க வேண்டும். ஆகவே பல டிசிபி மதிப்புகளை வரிசையாகப் போட்டுப் பார்த்து, சிதறல் மிகக் குறைவாக வரும் மதிப்பைத் தேர்ந்தெடுக்கலாம். ஐரோப்பாவில் இது நன்றாக வேலை செய்யும். பெங்களூருவில் இருந்தபடி வடக்கே பார்க்கும் செயற்கைக்கோளும் தெற்கே பார்க்கும் செயற்கைக்கோளும் இரவிலும் உண்மையாகவே வேறுபட்ட மதிப்புகளைக் காணக்கூடும் என்பதால், அட்சரேகையோடு நேர்கோட்டில் மாறும் ஒரு சரிவையும் சேர்த்தே தீர்க்க வேண்டும். காந்தப் புயல் இல்லாத பல நாட்களுக்கு இதைச் செய்யுங்கள். ஒரே ஏற்பியின் டிசிபி நாளுக்கு நாள் பெரிதாக மாறாது. உங்கள் மதிப்பு அங்குமிங்கும் தாவினால் முறையில் ஏதோ கோளாறு இருக்கிறது. செங்குத்து டெக் எங்காவது பூஜ்ஜியத்துக்குக் கீழே போனாலும் அதே பொருள்தான்.

செங்குத்து அளவாக மாற்றி முதல் படத்தை வரைதல்

சாய்ந்த பாதையின் அளவீட்டை ஓர் இடத்துக்கு உரியதாக்க, அயனி மண்டலம் முழுவதும் 450 கிலோமீட்டர் உயரத்தில் மெல்லிய ஓடாகச் சுருங்கிவிட்டது என்று கொள்வது வழக்கம். பாதை அந்த ஓட்டைத் துளைக்கும் இடமே துளைப்புள்ளி. புவியின் ஆரத்தை 6,371 கிலோமீட்டராகக் கொண்டு கணக்கிட்டால், ஏற்றக் கோணம் 30 பாகையில் சாய்வுக் காரணி 1.70, 10 பாகையில் 2.55. அடிவானத்துக்கு அருகே இந்தக் காரணியை நம்ப முடியாது என்பதால் 20 பாகைக்குக் கீழுள்ள அளவீடுகளை விட்டுவிடலாம். 20 பாகையிலேயே துளைப்புள்ளி நிலையத்திலிருந்து ஏறத்தாழ 960 கிலோமீட்டர் தள்ளி விழுகிறது. அதாவது, 13 பாகை வடக்கிலுள்ள பெங்களூருவின் ஒரே ஏற்பி, கன்னியாகுமரிக்கும் தெற்கே சுமார் 4 பாகையிலிருந்து, வடக்கே 21 பாகை தாண்டியும், எலெக்ட்ரான் அளவை அளக்கிறது. காந்த நடுக்கோட்டுப் பள்ளத்திலிருந்து முகட்டின் ஏற்றம் வரை ஒரே நிலையத்தின் பார்வைக்குள் அடங்குவது இப்பகுதிக்குக் கிடைத்த நல்வாய்ப்பு.

இதனால் முதல் படமாக நான் பரிந்துரைப்பது வரைபடம் அல்ல, அட்சரேகை–நேரப் படம். கிடையச்சில் துளைப்புள்ளியின் உள்ளூர் நேரம், நிலையச்சில் அதன் அட்சரேகை, நிறத்தில் செங்குத்து டெக். ஒரு பாகை உயரமும் கால் மணி நேர அகலமும் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் விழும் மதிப்புகளின் இடைநிலையை எடுங்கள். உள்ளூர் நேரத்தை ஒவ்வொரு துளைப்புள்ளியின் தீர்க்கரேகையைக் கொண்டு, 15 பாகைக்கு ஒரு மணி என்ற கணக்கில் காண வேண்டும். இந்திய நேரத்தை அப்படியே போட்டால் கிழக்கும் மேற்கும் கலந்துவிடும். சூரியச் செயல்பாடு மிகுந்த ஆண்டின் மார்ச் மாத நாள் ஒன்றை எடுத்தால், காலை ஒன்பது மணி வாக்கில் எங்கும் ஒரே சீராக ஏறும் நிறம், நண்பகலுக்குப் பின் வடக்கு விளிம்பில் அடர்ந்து, தெற்கில் வெளிறத் தொடங்கும். பிளாஸ்மா நீரூற்று எழுந்து சரிவது அதுவே. அளவீடே விழாத கட்டங்களை வெறுமையாக விடுங்கள். மென்பொருள் அவற்றை அழகாக நிரப்பித் தரும். அப்படி நிரப்பிய படத்தைப் பார்ப்பவருக்கு அளந்தது எது, இட்டு நிரப்பியது எது என்று பிரித்தறிய வழியே இராது.

கருவித் தாமதம் தேவைப்படாத படங்கள்

டிசிபி ஒரு தொடர் முழுவதும் மாறிலி என்பதால், டெக்கின் மாற்றத்தை மட்டும் படமாக்கினால் அது தாமாகவே நீங்கிவிடும். சூரியன் மறைந்தபின் காந்த நடுக்கோட்டில் எழும் பிளாஸ்மா குமிழிகளை, அதாவது எலெக்ட்ரான்கள் குறைந்த பகுதிகளை, காண இது மிகச் சிறந்த வழி. 30 நொடிக்கு ஒருமுறை டெக் எவ்வளவு மாறுகிறது என்று கண்டு, அதை நிமிட வீதமாக்கி, ஐந்து நிமிடத்துக்கான திட்ட விலக்கத்தை எடுத்தால் 'ரோட்டி' என்னும் குறியீட்டெண் கிடைக்கும். அமைதியான வானில் அது பூஜ்ஜியத்தை ஒட்டியே இருக்கும்; நிமிடத்துக்கு 0.5 அலகைத் தாண்டினால் குமிழி இருப்பதாகக் கொள்வது வழக்கம். சைக்கிள் ஸ்லிப்புகளை நீக்கும் கண்டிப்பான சோதனை, குமிழியின் உண்மையான தாவல்களையும் சேர்த்து வெட்டிவிடக்கூடும் என்பதால், மாலை நேரத் தரவுக்கு வரம்பைத் தளர்த்த வேண்டியிருக்கும்.

அலைகளைப் படமாக்க, நகரும் சராசரியைக் கழித்து எஞ்சுவதை வரைகிறார்கள். இதன் ஆற்றலை உலகுக்குக் காட்டியது ஜப்பான். அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏற்பிகள் கொண்ட ஜியோநெட் வலையமைப்பு, 2011 மார்ச் 11 நிலநடுக்கத்துக்குச் சில நிமிடங்கள் கழித்து, கடலுக்கு மேலே ஒரு மையத்திலிருந்து வட்ட வட்டமாக விரிந்த அலைகளை அயனி மண்டலத்தில் பதிவு செய்தது. அவ்வளவு அடர்த்தியான ஏற்பிகள் இருந்தால்தான் வட்டம் வட்டமாகத் தெரியும். நான்கைந்து நிலையங்களை வைத்துக்கொண்டு அலையின் வடிவத்தைப் பற்றி முடிவுக்கு வரக்கூடாது.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஏற்ற ஒரு பயிற்சியும் உண்டு. 2019 டிசம்பர் 26 காலையில் கங்கண சூரிய கிரகணத்தின் மையப்பாதை கோயம்புத்தூர், திண்டுக்கல் பகுதிகளைக் கடந்து வட இலங்கை வழியாகச் சென்றது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் நாளுக்கு ஏறத்தாழ நான்கு நிமிடம் முன்னதாக அதே பாதையில் திரும்ப வருவதால், கிரகண நாளின் தொடரிலிருந்து முந்தைய நாளின் அதே தொடரை, அந்த நான்கு நிமிடத்தைச் சரிசெய்து கழித்தால், டிசிபியும் சாய்வுக் கோணமும் ஒத்துப்போய் நீங்கிவிடும். கிரகண நிழலின் பாதிப்பும், இரு நாட்களுக்கும் இடையே இயல்பாக உள்ள வேறுபாடும் மட்டுமே எஞ்சும். கிரகணத்துக்கு முந்தைய நாட்களை ஒன்றோடொன்று கழித்துப் பார்த்து, அந்த இயல்பான வேறுபாடு எவ்வளவு என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

உயரத்தையும் காண விரும்பினால்

மெல்லிய ஓடு என்ற கற்பனையைக் கைவிட்டு, உயரவாரியாக எலெக்ட்ரான் அடர்த்தியைக் காண்பதே டோமோகிராஃபி. 1988இல் ஆஸ்டன், ஃபிராங்க், லியு ஆகியோர் அயனி மண்டலத்துக்கு இதை முன்வைத்தனர். இந்தியாவில் திருவனந்தபுரம் விண்வெளி இயற்பியல் ஆய்வகம் வழிநடத்திய கிராபெக்ஸ் திட்டம், தாழ்வான சுற்றுப்பாதைச் செயற்கைக்கோள்களின் சமிக்ஞைகளைத் திருவனந்தபுரத்திலிருந்து வடக்கு நோக்கி வரிசையாக அமைந்த நிலையங்களில் பெற்று இதைச் செய்தது.

ஜிபிஎஸ் தரவில் செய்ய, 100 முதல் 1,000 கிலோமீட்டர் வரையிலான வெளியை அட்சரேகையில் ஒரு பாகையும் உயரத்தில் 50 கிலோமீட்டரும் கொண்ட பெட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பாதையும் எந்தப் பெட்டியில் எத்தனை கிலோமீட்டர் செல்கிறது என்று கணக்கிட வேண்டும். தொடக்க மதிப்புகளைச் சர்வதேச மேற்கோள் அயனி மண்டல மாதிரியிலிருந்து எடுத்து, ஒவ்வொரு பாதையின் கணித்த டெக்கும் அளந்த டெக்கும் பொருந்தும்வரை பெட்டிகளின் மதிப்பைப் பெருக்கல் முறையில் திருத்திக்கொண்டே போகலாம். 'மார்ட்' எனப்படும் இந்த முறையில் அடர்த்தி ஒருபோதும் குறை எண்ணாக மாறாது. 1,000 கிலோமீட்டருக்கு மேலே, ஜிபிஎஸ் உயரம் வரையிலும் எலெக்ட்ரான்கள் உண்டு என்பதால், அவற்றின் பங்கை முன்பே கழித்துவிட வேண்டும். இரவில் அந்தப் பங்கு புறக்கணிக்கத்தக்கது அல்ல.

தரையிலிருந்து மேல்நோக்கிப் பார்க்கும் பாதைகளில் கிடைமட்டமானது ஒன்றுகூட இல்லை. அதனால் அடர்த்தி வடக்கு–தெற்காக எப்படி மாறுகிறது என்பது தரவிலிருந்து வருகிறது. உயரவாக்கில் எப்படி மாறுகிறது என்பதோ பெருமளவு தொடக்க மாதிரியிலிருந்து வருகிறது. அடர்த்தி உச்சமாகும் உயரத்தை வேண்டுமென்றே 50 கிலோமீட்டர் தள்ளிவைத்த மாதிரியிலிருந்து மீண்டும் தொடங்கிப் பாருங்கள். விடையின் உச்சமும் அதே அளவு நகர்ந்தால், உங்கள் தரவு உயரத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்று பொருள். இந்தக் குறையை நிரப்புபவை, ரேடியோ அலைகளை மேலே அனுப்பி அவற்றின் எதிரொலியைப் பதியும் அயனோசோண்டு கருவிகளின் அளவீடுகளும், அடிவானத்தை உரசிச் செல்லும் ஜிபிஎஸ் அலைகளை விண்ணிலிருந்தே பதியும் செயற்கைக்கோள்களும். 2019 ஜூனில் ஏவப்பட்ட காஸ்மிக்-2 செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளின் மீதே சுற்றுவதால் நம் பகுதிக்கு மிகவும் உதவுபவை.

சரிபார்த்தல்

உண்மைத் தரவைத் தொடும் முன் செயற்கைத் தரவில் சோதியுங்கள். ஒரு மாதிரி வானிலிருந்து அதே பாதைகளுக்கான டெக்கைக் கணக்கிட்டு, இரைச்சலும் டிசிபியும் சேர்த்து, உங்கள் நிரல் அந்த வானை மீட்டெடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து, ஹைதராபாத் நிலையத்தை ஒதுக்கிவைத்துப் படம் வரைந்து, அந்தப் படம் ஹைதராபாத் அளந்ததைச் சரியாகக் கணிக்கிறதா என்று பார்க்கலாம்.

அயோனெக்ஸ் உலக வரைபடங்களுடன் ஒப்பிடும்போது அவற்றின் இயல்பையும் கருத வேண்டும். அவை அட்சரேகையில் 2.5 பாகை, தீர்க்கரேகையில் 5 பாகைக் கட்டங்களில் அச்சிடப்பட்டாலும், கோட் மையத்தின் வரைபடம் 15ஆம் படி வரையிலான கோளச் சார்புகளால் (கோளப் பரப்பில் அலைபோல் ஏறி இறங்கும் சார்புகளால்) ஆனது. ஆகவே அதன் உண்மையான நுணுக்கம் ஏறத்தாழ 12 பாகை. தொடக்கத்தில் சொன்ன வடக்கு முகடு அதில் மழுங்கியே தெரியும். வெவ்வேறு மையங்களின் வரைபடங்களுக்குள்ளேயே சில அலகுகள் நிலையான வேறுபாடும் உண்டு. எனவே உங்கள் படத்தின் முகடு அயோனெக்ஸைவிடக் கூர்மையாக இருப்பது பிழைக்கு அடையாளம் ஆகாது. நாள் முழுவதும், இரவிலும் பகலிலும், ஒரே அளவு கூடியோ குறைந்தோ இருந்தால் ஏற்பியின் டிசிபியை மறுபடி கணக்கிடுங்கள். படத்தை வெளியிடும்போது பயன்படுத்திய நிலையங்கள், ஓட்டின் உயரம், ஏற்றக் கோண வரம்பு, டிசிபி எங்கிருந்து எடுக்கப்பட்டது ஆகியவற்றை அதன் அடியிலேயே எழுதிவிட்டால், வேறொருவர் அதே கோப்புகளை இறக்கி அதே படத்தை வரைந்து சரிபார்க்க முடியும்.